‘ஸ்பார்ட்டகஸ்’ எழுதிய ஹோவர்ட் ஃபாஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘ஸ்பார்ட்டகஸ்’ நாவலை யாருக்குப் படிக்கக் கொடுத்தாலும், திருப்பித் தரும்போது கூடவே இரண்டு மூன்று கேள்விகளும் வரும். புத்தகமே திரும்பி வராமல் போனதும் உண்டு, அது வேறு கதை. ஒரே பதிலை எத்தனை தடவை சொல்வது என்று, வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதிவிட்டேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், யார் இவர்?

அமெரிக்க நாவலாசிரியர். 1914 நவம்பர் 11 அன்று நியூயார்க்கில் பிறந்தார். 2003 மார்ச் 12 அன்று, 88 வயதில், கனெக்டிகட் மாநிலத்தில் இறந்தார். முதல் நாவல் 1933இல், கடைசி நாவல் 2000இல். நடுவில் எண்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள். ஃபாஸ்ட் என்ற பெயருக்கு ஏற்ற வேகம்தான். அந்த வேகம் அவருக்கு வரமாகவும் இருந்தது, கெடுதலும் செய்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

‘ஃபாஸ்ட்’ என்பது உண்மையான பெயரா?

குடும்பப் பெயரின் மிச்சம். அப்பா பார்னி, உக்ரைனிலிருந்து வந்த யூதர். ஃபாஸ்டோவ் என்ற ஊரை ஒட்டி வந்த ‘ஃபாஸ்டோவ்ஸ்கி’ என்ற பெயர் அமெரிக்கக் கரையில் இறங்கியதும் சுருங்கிவிட்டது. இரும்பு வேலை, தகர வேலை, கேபிள் டிராம் ஓட்டுவது, துணி வெட்டுவது என்று அவர் பார்க்காத வேலை இல்லை. எதுவும் நிலைக்கவும் இல்லை. ஹோவர்டுக்கு எட்டு வயதாகும்போது அம்மா இறந்துவிட்டார். பத்துப் பதினோரு வயதிலேயே பையன் வீடு வீடாகப் பேப்பர் போடப் போனான். அப்புறம் நியூயார்க் பொது நூலகத்தின் ஹார்லெம் கிளையில் எடுபிடி வேலை கிடைத்தது. புத்தகங்களை அலமாரியில் அடுக்குவதற்குச் சம்பளம், படிப்பது இலவசம். உண்மையான பள்ளிக்கூடம் அவருக்கு அதுதான்.

தம்பி ஜூலியஸ் ஃபாஸ்டும் எழுத்தாளர்தான். துப்பறியும் கதைகளுக்கான எட்கர் விருதை 1946இல், அந்த விருது தொடங்கிய ஆண்டிலேயே, வாங்கியவர். அண்ணனைத் தேடிப் போய்த் தம்பியின் புத்தகத்தை வாங்கி வந்துவிடாதீர்கள்.

முதல் நாவல் வெளியானபோது வயது பதினெட்டுதானா?

ஆமாம். ‘டூ வேலீஸ்’ என்று பெயர், பழைய அமெரிக்க எல்லைப்புறத்துக் கதை. பதினெட்டு வயசுப் பையன் எழுதியது என்பதைத் தாண்டி இன்று அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

அப்படியானால் நல்ல எழுத்து எங்கே தொடங்குகிறது?

என் கணக்கில் 1941இல் வந்த ‘தி லாஸ்ட் ஃப்ரான்டியர்’ நாவலில். 1878இல் நடந்த உண்மைச் சம்பவம் அது. வடக்கு ஷயான் பழங்குடி மக்களை அமெரிக்க அரசு அவர்கள் மண்ணிலிருந்து கிளப்பி, இன்றைய ஓக்லஹோமாவில் கொண்டுபோய் அடைத்தது. சூடு, காய்ச்சல், பசி. முந்நூற்றுச் சொச்சம் பேர், குழந்தை குட்டிகளோடு, ‘ஊருக்குப் போகிறோம்’ என்று வடக்கே நடக்கத் தொடங்கினார்கள். ராணுவம் துரத்தியது. டல் நைஃப், லிட்டில் உல்ஃப் என்ற இரண்டு தலைவர்கள். பாதி வழியில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. டல் நைஃபோடு போனவர்கள் பிடிபட்டார்கள். 1879 ஜனவரிக் குளிரில் ராபின்சன் கோட்டையிலிருந்து தப்ப முயன்றபோது அவர்களில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இந்தக் கதையை ஃபாஸ்ட் ஷயான் மக்களின் மனசுக்குள் புகுந்து சொல்லவில்லை. துரத்துகிற சிப்பாய்கள், அதிகாரிகள், அலுவலகத்தில் உட்கார்ந்து தந்தி படிக்கிறவர்கள், இவர்கள் கண்ணால்தான் பார்க்கிறோம். ஷயான் மக்கள் எப்போதும் கொஞ்சம் தூரத்தில், அடுத்த மேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். துரத்துகிறவனுக்கே ஒரு கட்டத்தில், இவர்கள் என்ன தப்பு செய்தார்கள் என்று குழப்பம் வருகிறது. பத்து வருடம் கழித்து ‘ஸ்பார்ட்டகஸ்’ எழுதும்போதும் இதே வழியைத்தான் பிடித்தார்.

டாம் பெய்ன் பற்றிய நாவலுக்குப் பள்ளிகளில் தடை போட்டார்களாமே?

தாமஸ் பெய்ன், 1776 ஜனவரியில் ‘காமன் சென்ஸ்’ என்ற சிறு பிரசுரத்தை எழுதி, அமெரிக்கக் காலனிகளை இங்கிலாந்திடமிருந்து விடுதலை கேட்க வைத்தவர். கடைசியில் அதே நாட்டில் தீண்டப்படாதவர் போல ஒதுக்கப்பட்டு, 1809இல் நியூயார்க்கில் செத்துப்போனார். அடக்கத்துக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பின்னாளில் ஒரு ஆங்கிலேய அபிமானி எலும்புகளைத் தோண்டி இங்கிலாந்துக்கு எடுத்துப்போக, அங்கே அவை காணாமலே போயின.

1943இல் வந்த ‘சிட்டிசன் டாம் பெய்ன்’ இந்த மனிதரைக் குளிக்காத, குடிக்கிற, எல்லாரிடமும் சண்டை போடுகிற ஆளாகவே காட்டுகிறது. சிலையாக்கவில்லை. புத்தகம் நன்றாக விற்றது. ஆனால் 1947இல் நியூயார்க் நகரப் பள்ளி நூலகங்களிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். சொன்ன காரணம், ஆபாசமான பகுதிகள் இருக்கின்றன என்பது. அந்த வருடம் ஃபாஸ்ட் நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் வேறு என்று புரியும்.

வேடிக்கை என்னவென்றால், 1961இல் அவர் எழுதிய ‘ஏப்ரல் மார்னிங்’ அமெரிக்கப் பள்ளிகளில் பாடமாகவே வைக்கப்பட்டது. 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனில் நடந்த முதல் மோதலை ஒரு பதினைந்து வயதுப் பையன் பார்வையில் சொல்லும் கதை. அதே ஆசிரியர், அதே புரட்சிக் காலம், அதே பள்ளிக்கூடங்கள்.

ஏன் சிறைக்குப் போனார்?

பெயர்களைச் சொல்ல மறுத்ததற்காக. ஃபாஸ்டைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் தெரிந்துகொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது அவர் அரசாங்கத்துக்கே வேலை பார்த்தவர். போர்த் தகவல் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஐரோப்பாவுக்குப் போகும் ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ வானொலிக்குச் செய்தி எழுதினார். அந்தக் காலகட்டத்திலேயே கம்யூனிஸ்ட் கட்சியிலும் சேர்ந்தார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவிடம் தோற்று, பிரான்சுக்குத் தப்பி ஓடிய குடியரசுக்காரர்களுக்கு ஆஸ்பத்திரி நடத்தப் பணம் திரட்டும் அமைப்பு ஒன்று அமெரிக்காவில் இருந்தது. அகதிகளுக்கான கூட்டுப் பாசிச எதிர்ப்புக் குழு என்று பெயர். தலைவர் எட்வர்ட் பார்ஸ்கி என்ற டாக்டர். நிர்வாகக் குழுவில் ஃபாஸ்டும் ஒருவர்.

அமெரிக்க விரோதச் செயல்களை விசாரிக்கிற நாடாளுமன்றக் குழு 1946இல் இவர்களைக் கூப்பிட்டது. கணக்குப் புத்தகத்தைக் கொடுங்கள், யார் யார் பணம் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும் என்றது. கொடுத்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். பத்து டாலர் நன்கொடை கொடுத்த வாத்தியாருக்கு அடுத்த மாதம் வேலை இருக்காது. நிர்வாகக் குழு கொடுக்க முடியாது என்றது. அவமதிப்பு வழக்கு, 1947இல் தண்டனை, மேல்முறையீடு, உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. 1950இல் அவர்களில் பெரும்பாலானோர் உள்ளே போனார்கள். ஃபாஸ்டுக்கு மூன்று மாதம், மேற்கு வர்ஜீனியா மலைப்பகுதியில் இருந்த மில் பாயின்ட் சிறை.

அந்தச் சிறைக்குச் சுவரும் கிடையாது, வேலியும் கிடையாது. எல்லையைக் காட்ட வெள்ளை அடித்த குச்சிகளை நட்டு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். தாண்டிப் போனால் தப்பியோட்டக் குற்றம். சிறை முடிந்த பிறகும் நாட்டைவிட்டு வெளியே போகப் பாஸ்போர்ட் கிடையாது என்ற நிலையில் பல வருடம் இருந்தவர் அவர். வெள்ளைக் குச்சிக்கு உள்ளேயே வாழ்ந்த மாதிரி.

சிறையில்தான் ‘ஸ்பார்ட்டகஸ்’ எழுதினாரா?

எண்ணம் அங்கே பிறந்தது, எழுதியது வெளியே வந்த பிறகு. வரலாற்றுச் செய்தி சின்னதுதான். கிமு 73இல் இத்தாலியின் கப்புவா ஊரில், மக்கள் வேடிக்கை பார்க்கச் சண்டை போட வைக்கப்பட்ட அடிமைகளுக்கான கிளாடியேட்டர் பள்ளியிலிருந்து எழுபது பேர் போல, சமையல்கட்டுக் கத்தியையும் இறைச்சி குத்தும் கம்பியையும் எடுத்துக்கொண்டு தப்பி, வெசுவியஸ் மலையில் ஏறிக்கொண்டார்கள். தலைவன் ஸ்பார்ட்டகஸ். பின்னால் பல்லாயிரம் அடிமைகள் சேர்ந்தார்கள். கிமு 71இல் ரோமானியத் தளபதி கிராஸஸ் அவர்களை முறியடித்து, உயிரோடு பிடிபட்ட ஆறாயிரம் பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் சிலுவையில் அறைந்தான். பழங்கால வரலாற்றாசிரியர்கள் புளூட்டார்க், ஆப்பியன் எழுதி வைத்த சில பக்கங்கள்தான் நமக்கு இருக்கிற ஆதாரத்தில் பெரும்பகுதி. அடிமைகள் தரப்பில் ஒருவரும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

ஃபாஸ்டின் நாவல் தொடங்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. ஸ்பார்ட்டகஸ் செத்தாயிற்று. சாலையை மறுபடி திறந்துவிட்டார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் உல்லாசமாகக் கப்புவாவுக்குப் போகிறார்கள். முதல் சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு குண்டு மனிதர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் மேலே தொங்குகிறவனின் கதையைச் சொல்லிக் காசு வாங்குகிறார். சுற்றுலா இடம் மாதிரி. எனக்கு இந்த நாவலில் மறக்காத ஆள் அவர்தான்.

அப்புறம் கதை, ஸ்பார்ட்டகஸை வென்றவர்கள், விற்றவர்கள், பயந்தவர்கள் வாயால் துண்டு துண்டாக வருகிறது. ஜெயித்த கிராஸஸால் அவனைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. தன் வாசனைத் திரவியத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டும்போது, அடிமையைவிடக் கூலிக்காரன் மலிவு, அவனுக்குச் சோறு போட வேண்டியதில்லை என்று கணக்குச் சொல்கிறான். இது ரோமைப் பற்றியது மட்டும் இல்லை என்று சொல்லத் தேவையில்லை.

அதைப் பதிப்பாளர்கள் மறுத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. அவருடைய பதிப்பாசிரியர் ஆங்கஸ் கேமரன் கையெழுத்துப் பிரதியைப் படித்து மகிழ்ந்துபோனார். ஆனால் ஃபாஸ்ட் பின்னாளில் எழுதியபடி, எஃப்பிஐ தலைவர் எட்கர் ஹூவரிடமிருந்து பதிப்பகத்துக்கு ஆள் வந்தது, இவரைப் போடாதே என்று. வரிசையாகப் பதிப்பகங்கள் கைவிரித்தன. போருக்கு நடுவில் லட்சக்கணக்கில் விற்ற எழுத்தாளர் அவர் என்பதை நினைவில் வையுங்கள்.

பெரிய புத்தகக் கடைச் சங்கிலி ஒன்றின் பொறுப்பாளர், நீங்களே அச்சடியுங்கள், நான் 600 பிரதி வாங்கிக்கொள்கிறேன் என்றாராம். அவ்வளவுதான் முதலீடு. நண்பர்களிடமும் வாசகர்களிடமும் முன்பணம் வாங்கி, 1951இல் சொந்தச் செலவில் வெளியிட்டார். தமிழில் சிறுபத்திரிகைக்காரர்கள் முன்பதிவுக்கு அலைந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகவே புரியும். 40,000க்கும் மேல் விற்றது. பின்னாளில் பல மொழிகளுக்குப் போனது. தமிழிலும் வந்திருக்கிறது.

சினிமாவும் நாவலும் ஒன்றா?

இல்லை. 1960இல் வந்த படத்தை ஸ்டான்லி குப்ரிக் இயக்கினார், கிர்க் டக்ளஸ் நடித்துத் தயாரித்தார். எல்லாரும் எழுந்து நின்று ‘நான்தான் ஸ்பார்ட்டகஸ்’ என்று சொல்லும் அந்தப் புகழ்பெற்ற காட்சி நாவலில் கிடையாது. படத்தில் அவன் சிலுவையில் தொங்கியபடி குழந்தையைப் பார்க்கிறான். நாவலில் போர்க்களத்திலேயே வெட்டுப்பட்டுச் சாகிறான், உடல்கூடக் கிடைப்பதில்லை. கடைசியாகச் சிலுவையில் இருப்பவன் டேவிட் என்ற யூதக் கிளாடியேட்டர். அவன் சாகும் நேரத்தை ஃபாஸ்ட் எழுதியிருக்கும் பக்கங்கள் படத்தில் எதிலும் வராது.

திரைக்கதையை முதலில் ஃபாஸ்டே எழுதிப் பார்த்தார், சரிவரவில்லை. டால்டன் ட்ரம்போ எழுதினார். ட்ரம்போவும் அதே நாடாளுமன்றக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்துச் சிறை போனவர். கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களுக்கு வேலை தராத ஹாலிவுட் கறுப்புப் பட்டியலில் இருந்ததால் பல வருடம் பொய்ப் பெயரில் எழுதினார். இந்தப் படத்தில் அவர் பெயர் திரையில் வந்தது. படத்தை எதிர்த்து நடந்த மறியலைத் தாண்டிப் போய் ஜான் கென்னடி படம் பார்த்த பிறகு பட்டியலுக்கு மரியாதை போயிற்று.

பீக்ஸ்கில் கலவரத்தில் இவருக்கு என்ன தொடர்பு?

1949 ஆகஸ்ட் 27. நியூயார்க் மாநிலத்தில் பீக்ஸ்கில் ஊருக்குப் பக்கத்தில், கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் பாடுவதாக ஏற்பாடு. தலைமை தாங்க வேண்டியவர் ஃபாஸ்ட். கச்சேரி தொடங்கும் முன்பே கம்யூனிஸ்ட் எதிர்ப்புக் கும்பல் தாக்கியது. நாற்பது பேர் போல கையோடு கை கோத்துக்கொண்டு, பாதையை மறித்து, பாட்டுப் பாடியபடி அடி வாங்கினார்கள். நாற்காலிகளையும் புத்தகங்களையும் கும்பல் தீ வைத்து எரித்தது. செப்டம்பர் 4 அன்று மறுபடி கச்சேரி நடந்தது, பல்லாயிரம் பேர் வந்தார்கள். திரும்பிப் போகும்போது வழியெல்லாம் பஸ் மீது கல்வீச்சு. இதைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

இவர் ஸ்டாலின் பரிசு வாங்கியவர்தானே?

வாங்கினார். 1953இல் ஸ்டாலின் சமாதானப் பரிசு. ஒளித்து மறைக்க ஒன்றும் இல்லை. சோவியத் நாட்டில் அவர் புத்தகங்கள் லட்சக்கணக்கில் அச்சாகிக்கொண்டிருந்தன. சொந்த நாட்டில் பதிப்பாளர் இல்லாதவருக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியம் பிறகு நடந்தது. சோவியத் எழுத்தாளர் போரிஸ் போலெவாய் நியூயார்க் வந்தார். லெய்ப் க்விட்கோ என்ற, யூதர்களின் இத்திஷ் மொழிக் கவிஞரைப் பற்றி வதந்தி உலவுகிறதே, எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறார், நான் குடியிருக்கும் கட்டடத்தில்தான் இருக்கிறார் என்றார் போலெவாய். க்விட்கோவை 1952 ஆகஸ்டிலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். 1956 பிப்ரவரியில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஸ்டாலின் காலக் கொடுமைகளை ஒப்புக்கொண்ட பிறகுதான் இதெல்லாம் வெளியே வந்தது. ஃபாஸ்ட் உடைந்துபோனார். 1957இல் கட்சியை விட்டதைப் பகிரங்கமாகச் சொன்னார், ‘தி நேக்கட் காட்’ என்ற புத்தகத்தில் காரணங்களை எழுதினார். பழைய தோழர்கள் துரோகி என்றார்கள். சோவியத் கடைகளிலிருந்து அவர் புத்தகங்கள் மறைந்தன. ஆக, இரண்டு பக்கமும் அவரை அலமாரியிலிருந்து எடுத்தது.

இவ்வளவு தாமதமாகத்தான் கண் திறந்ததா என்று கேட்டால், ஆமாம், தாமதம்தான். அதற்குச் சப்பைக்கட்டு கட்ட எனக்கு விருப்பம் இல்லை.

இ.வி. கன்னிங்ஹாம் என்பவரும் இவர்தானா?

இவர்தான். கறுப்புப் பட்டியல் காலத்தில் வால்டர் எரிக்சன் என்ற பெயரில் ஒரு நாவல். 1960 முதல் கன்னிங்ஹாம் பெயரில் இருபது போல. அதில் மசாவோ மசூட்டோ என்ற ஜப்பானிய அமெரிக்கத் துப்பறிவாளர் வருகிறார். பெவர்லி ஹில்ஸ் போலீஸ், ஜென் தியானம், ரோஜாத் தோட்டம். ஃபாஸ்டே ஜென் பழகியவர். ரயிலில் படிக்க ஜோரான புத்தகங்கள்.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. 1945இல் போர்ச் செய்தியாளராக வந்து கல்கத்தாவில் இருந்தார். 1943 வங்கப் பஞ்சம் முடிந்து அதிக நாள் ஆகாத சமயம், முப்பது லட்சம் பேர் வரை செத்த பஞ்சம். நாற்பது வருடத்துக்கு மேல் மனசில் வைத்திருந்து 1988இல் ‘தி பிளெட்ஜ்’ என்று நாவலாக்கினார். கல்கத்தாவில் பஞ்சத்தைப் பற்றி விசாரிக்கும் அமெரிக்கச் செய்தியாளன் ஒருவன் ஊருக்குத் திரும்பியதும் அதே விசாரணைக் குழுவில் மாட்டிக்கொள்கிறான்.

இதேபோல 1977இல் தொடங்கி லட்சக்கணக்கில் விற்ற ‘தி இமிக்ரன்ட்ஸ்’ குடும்பக் கதை வரிசையிலும், பார்பரா லவெட் என்ற பெண், ஸ்பெயின் அகதிகள் ஆஸ்பத்திரிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று சொல்ல மறுத்துச் சிறைக்குப் போகிறாள். மூன்று மாதச் சிறையை எத்தனை தடவைதான் எழுதுவார் என்று சலிப்பும் வரும்.

குறைகளே இல்லையா?

நிறைய உண்டு. நல்லவர்கள் ரொம்ப நல்லவர்கள். ஸ்பார்ட்டகஸுக்கு ஒரு கெட்ட பழக்கம்கூடக் கிடையாது, கோபம் வந்தால்கூட நியாயமான கோபம்தான் வரும். ரோமானியர்களின் சீரழிவைக் காட்ட ஆண்–ஆண் உறவை ஒரு அடையாளமாகப் பயன்படுத்தியிருப்பது இன்று படிக்கும்போது உறுத்துகிறது. சில இடங்களில் பாத்திரம் பேசுகிறதா, மேடையில் ஆசிரியர் பேசுகிறாரா என்று தெரியாது. எழுபதுகளுக்குப் பிறகு எழுதியவற்றில் பலவும், ஒரு தடவை கூடத் திரும்பிப் படிக்காமல் அச்சுக்கு அனுப்பியது போல இருக்கும்.

எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

‘ஸ்பார்ட்டகஸ்’தான், படத்தைப் பார்க்கும் முன்பு. அடுத்து ‘தி லாஸ்ட் ஃப்ரான்டியர்’. மூன்றாவதாக 1944இல் வந்த ‘ஃப்ரீடம் ரோடு’. உள்நாட்டுப் போர் முடிந்த தெற்குக் கரோலினாவில், எழுதப் படிக்கத் தெரியாத முன்னாள் அடிமை கிடியன் ஜாக்சன், அரசியல் சட்டம் எழுதும் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறான். ஊர் ஜனங்கள் கைகாட்டிவிட்டார்கள், சார்ல்ஸ்டன் நகரத்துக்குப் போயாக வேண்டும், போட்டுக்கொள்ள நல்ல துணி இல்லை. ஆளாளுக்கு ஒன்றாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்த ஒட்டுப்போட்ட உடுப்பில் அவன் நடந்து போகும் பக்கங்களுக்காகவே வாங்கலாம். 1979இல் இதைத் தொலைக்காட்சிப் படமாக எடுத்தபோது கிடியனாக நடித்தவர் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி.